முத்தம்மா வளர்த்த ஆப்பிரிக்காச் செடி

செடி வளர்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் அந்த நாளில் ஆளாளுக்கு டால்டா டப்பாவில் துளசி, ஓட்டை வாளியில் கறிவேப்பிலை என்று வைத்துக்கொண்டு, புதுசாக எத்தனை இலை விட்டிருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் போய் வாங்கிக்கொண்டு வந்தால் போயிற்று. அப்பேர்ப்பட்ட நான், ஒரு செடிக்காக வருஷக்கணக்கில் என் வீட்டு ஃபிரிட்ஜைக் கரைத்துக் கொடுத்தேன் என்றால் அது கீழ்வீட்டு முத்தம்மாவால்தான்.

முத்தம்மாவுக்கு மாயவரம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து தில்லிதான். அவள் புருஷன் கலியமூர்த்தி செக்ரடேரியட்டில் டெஸ்பாட்ச் கிளார்க். ஒரே பெண்ணை நெய்வேலியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நாங்கள் மாடி, அவர்கள் கீழே. அவள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. ஆனாலும் ஆண்பிள்ளைகள் ஆபீஸ் போனபிறகு எங்களுக்குள் பேச்சு ஓய்ந்ததே கிடையாது. பேச்சு என்றால் நான்தான் பேசுவேன். அவள் கேட்பாள், அதுவும் பாதிதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி வழிந்து தீய்ந்து, அந்த நாற்றம் மாடிக்கு வந்து, நான் "அடி முத்தம்மா!" என்று கத்தினால்தான் அடுப்பை அணைப்பாள்.

கலியமூர்த்தி ஒரு காலத்தில் பிரமாதமான சாப்பாட்டுக்காரர். பாயசத்தில் ஆரம்பித்துப் பாயசத்தில் முடிப்பார். சம்பள நாளன்று அவர் சைக்கிள் ஹாண்டிலில் ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லா ஆடிக்கொண்டு வரும். "முத்தம்மா, இன்னொரு கரண்டி!" என்று அவர் கேட்பது மாடிவரைக்கும் கேட்கும். எழுபத்து நாலு வாக்கில் டிஸ்பென்சரி டாக்டர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் வீட்டில் பத்தியம், ஆபீஸ் கேண்டீனில் ஜிலேபி என்று ஓட்டியிருப்பார். என் வீட்டுக்காரர் சேஷு நிச்சயமாக அப்படித்தான் செய்வார். கலியமூர்த்தி சர்க்காருக்குக் கட்டுப்பட்ட மனுஷர். உத்தரவு வந்துவிட்டது, அன்றைக்கே நிறுத்தினார். வாழைப்பழம் தின்னலாமா என்றுகூட டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தின்பார்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து 'இன்னொரு கரண்டி' என்ற குரல் வரவேயில்லை. வந்து உட்காருவார், போட்டதைத் தின்பார், கை கழுவுவார். முத்தம்மாவுக்கு அது தாங்கவில்லை. "அவங்க சாப்பிடுறதே இல்ல மாமி. வயித்தை ரொப்பிக்கிட்டு எழுந்திரிக்கிறாங்க" என்பாள். அவர் வாயில் ஒரு இனிப்பு படவேண்டும், ஒரே ஒரு தடவை அவர் முகம் பழையபடி மலரவேண்டும். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் அதுதான்.

அதோடு விட்டாளா? தானும் இனிப்பை நிறுத்திவிட்டாள். பெண் கல்யாணத்தில்கூடப் பாயசத்தைத் தொடவில்லை. இது கலியமூர்த்திக்குத் தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? அவர் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். காலைக் காபியும் அப்படித்தான். அவள் தம்ளரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்த மனுஷர் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் பதினோரு மணிக் காபி நாங்கள் சேர்ந்து குடிப்போம். தீபாவளிக்கு மைசூர்பாகு கொண்டுபோய் நீட்டினால் கையெடுத்துக் கும்பிடுவாள்.

"அவங்க முதல்ல ருசிக்கட்டும் மாமி. அப்புறம் பாத்துக்கலாம். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பாள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குடி" என்று திட்டுவேன். சர்க்கரையில்லாத காபியை அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

எழுபத்தொன்பது மார்ச் மாதம், சாணக்கியபுரியில் ஒரு தூதரகக்காரர் வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஊரைவிட்டுப் போகும்போது அவர்கள் அப்படித்தான், கட்டில் முதல் கரண்டிவரை விற்றுவிட்டுப் போவார்கள். எனக்கு ஒரு கேக் அடுப்பின்மேல் ரொம்ப நாளாகக் கண். துணைக்கு முத்தம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். மேற்கு ஆப்பிரிக்காக்காரர் வீடு. வீட்டம்மாள் நல்ல உயரம், தலையில் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள், வராந்தாப் படியில் உட்கார்ந்து சாமான்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற முத்தம்மாவைக் காணோம்.

தேடிக்கொண்டு போனால், குளியலறையில் நிற்கிறாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டிச் செடி. முழங்கால் உயரம் இருக்கும், கரும்பச்சை இலை. உச்சியில் ஒரே ஒரு பழம், களாக்காய் அளவு, செக்கச்செவேலென்று. அடுத்தவர் வீட்டுக் குளியலறைக்குள் புகுந்துகொண்டு வாயைப் பிளந்து நிற்கிறாளே என்று எனக்கு மானம் போயிற்று. அதற்குள் வீட்டம்மாளே வந்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். பழத்தைப் பறித்து முதலில் என்னிடம்தான் நீட்டினாள். ஊர் பேர் தெரியாத பழத்தை யார் தின்பது? வேண்டாம் என்று கையை ஆட்டினேன். முத்தம்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"பயப்படும்படி ஒண்ணுமில்ல மாமி. சப்புன்னுதான் இருக்கு" என்றாள், கொட்டையைக் கையில் துப்பிவிட்டு.

அந்த அம்மாள் சமையற்காரனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு தட்டில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு, கூடவே எங்களுக்கு இரண்டு கோப்பை டீயும் கொண்டுவந்தான். முத்தம்மா டீக்குக் கை நீட்டினாள். அம்மாள் பதறிப்போய் முத்தம்மாவின் வாயைக் காட்டி, டீயைக் காட்டி, கூடாது கூடாது என்று விரலை ஆட்டினாள். அவன் ஒரு கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். ஏதோ அவனிடம் கோபம்போல என்று நினைத்துக்கொண்டு நான் என் டீயை நிம்மதியாகக் குடித்தேன். பிறகு அவள் ஒரு எலுமிச்சைத் துண்டை முத்தம்மாவின் கையில் கொடுத்து, கடி என்று ஜாடை காட்டினாள்.

முத்தம்மா கடித்தாள். நான் அவள் முகம் கோணுவதைப் பார்க்கத் தயாராக நின்றேன். கோணவில்லை. கண் மட்டும் பெரிதாயிற்று. இன்னொரு கடி கடித்தாள். அப்புறம் தோலோடு சேர்த்து அந்தத் துண்டை முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள். தட்டிலிருந்த மற்றதையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தின்றாள். மோவாயில் சாறு வழிகிறது, துடைக்கக்கூட இல்லை.

"என்னடி இது?" என்றேன்.

"இனிக்குது மாமி" என்றாள்.

நான் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். பல் கூசி உச்சி மயிர் சிலிர்த்தது. பச்சைப் புளிப்பு. நான் இங்கிலீஷில் கேட்டதற்கு அந்த அம்மாள் விளக்கினாள். அவர்கள் ஊரில் புளித்த கஞ்சி குடிப்பதற்கு முன்னால் இதை வாயில் போட்டுக்கொள்வார்களாம். அரைமணி முக்கால்மணி நேரத்துக்குப் புளிப்பெல்லாம் தித்திக்குமாம். நான் நம்பவில்லை. முத்தம்மா ஏதோ மயக்கத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

செடியை அந்த அம்மாள் சும்மாவே கொடுத்துவிட்டாள். குளிர் ஆகாது, வெயில் ஆகாது, காற்று எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, மழைத் தண்ணீர்தான் என்று அவள் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல முத்தம்மா தலையாட்டினாள். தில்லியில் இது ஒன்றாவது நடக்கிற காரியமா? திரும்பி வரும்போது ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் என் மடியில் கேக் அடுப்பு, அவள் மடியில் செடி.

"மாமி, இதுல சர்க்கரையே கிடையாது. ஆனா இனிக்குது. அவங்களுக்குக் குடுத்தா டாக்டர் என்ன சொல்லிட முடியும்?" என்றாள். அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன்.

கலியமூர்த்தியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று டாக்டரைக் கேட்கப் போவார், இல்லையென்றால் ஆசைப்பட்டு ஏமாந்துபோவார். அழகுக்கு வளர்க்கிறேன் என்று சொல்லிவைத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முத்தம்மா முதலில் குழாய்த் தண்ணீரைத்தான் ஆற்றி ஊற்றிப் பார்த்தாள். சட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது, இலை ஓரமெல்லாம் கருகிற்று. மழைக்கு ஜூலை வரைக்கும் காத்திருக்கவேண்டும். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் சொன்னேன்: "எங்காத்து ஃபிரிட்ஜுல ஐஸ் மலைமாதிரி கட்டிக்கிறதே, அதைக் கரைச்சா சுத்தத் தண்ணிதானேடி?" அன்றிலிருந்து வாராவாரம் ஃபிரிட்ஜை அணைத்து, தட்டில் இறங்குகிற தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் கீழே அனுப்புவது என் வேலையாயிற்று. "ஃபிரிட்ஜ் வாங்கினது நமக்கா, கீழாத்துச் செடிக்கா?" என்று சேஷு கேட்பார். உங்கள் வேலையைப் பாருங்கோ என்பேன். புளி கரைத்த சக்கையை முத்தம்மா இன்னொரு தடவை அலசி அந்தத் தண்ணீரையும் ஊற்றுவாள். புளிப்பை மாற்றுகிற செடிக்குப் புளிப்புப் பிடிக்காமலா இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். என்ன ஆச்சரியம், அதற்கப்புறம்தான் கருகல் நின்று புது இலை விட்டது.

குளிர்காலத்தில் அது குளியலறைக்குக் குடிபோகும். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை. கரண்ட் ராடு போட்டுச் சுடவைத்த வாளியிலிருந்து ஆவி எழுந்து அறையை நிரப்பும். மூலையில் ஸ்டூலின்மேல் செடி நிற்கும். கலியமூர்த்திக்கு முதல் இரண்டு நாள் கூச்சம் தாங்கவில்லை. செடியின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுக் குளித்தாராம். "யாரோ ஆளு நின்னு பாக்குற மாதிரி இருக்குது மாமி" என்று என்னிடமே சொன்னார். ஆனால் எடுத்து வெளியே வை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் போனபிறகு முத்தம்மா அந்த மிச்ச ஆவிக்குள்ளே போய்க் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துவிடுவாள். நான் தேடிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சையாக ஏதோ தெரியும், அதற்குப் பக்கத்தில் அவள் முகம். இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். எழுந்து வாடி, ஜலதோஷம் பிடிக்கும் என்று அதட்டுவதற்குத்தான் போவேன். போனால் நானும் கதவில் சாய்ந்துகொண்டு சும்மா நிற்பேன். வெளியே தில்லியா, குளிரா, வேறெந்த ஊரா என்றே மறந்துபோகும்.

மே மாதத்தில் அது முன்னறைக்கு வரும். வெளியே லூ என்கிற அனல்காற்று அடித்து வீதியெல்லாம் புழுதி பறக்கும். கூலரைப் போட்டு, ஜன்னலில் ஈர வேட்டியைத் தொங்கவிட்டு, காற்று நேரே படாதபடி செடியை ஓரமாக வைத்திருப்பாள். அறை முழுக்கப் பச்சை இருட்டு. கூலர் தட்டியிலிருந்து நனைந்த புல் வாசனை. நாங்கள் இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் தலைக்குக் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்போம். கூலரின் சத்தத்தில் பேச்சு எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

"எப்படிடி இருந்தது, சொல்லு" என்பேன்.

ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்வாள். "முதல்ல எலுமிச்சை வாசனை வருது மாமி. நாக்கு கூசிக்கிட்டுத் தயாரா நிக்குது. ஆனா கூசல. உள்ளே ஒரு கதவு தெறந்துக்கிச்சு. சர்க்கரை இனிப்பு இல்ல அது. வெல்லமும் இல்ல. புளிப்பு எங்கேயும் போகல, அங்கேயேதான் இருக்கு. அதுவே சிரிக்குது."

"புளிப்பு சிரிக்குமாடி?"

"சிரிச்சுது மாமி."

அரைத்தூக்கத்தில் என் வாயிலும் ஏதோ ஊறும். இலைகளின் நிழல் கூரையில் மெதுவாக அசையும். நம்பாதவள் நான், சத்தியமாக நம்பவில்லை. ஆனால் அந்த மத்தியானங்களில் எனக்கு எழுந்துபோக மனசு வந்ததேயில்லை. மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால்தான் இரண்டு பேரும் அலறி அடித்துக்கொண்டு எழுந்திருப்போம்.

முதல் வருஷம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் கண்ணுக்குத் தெரியாத வெள்ளைப் பூக்கள் வந்தன, வந்த வேகத்தில் உதிர்ந்தன. முத்தம்மா அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினாள். "தூக்கி எறிடி அந்தச் சனியனை. மனுஷாளுக்குச் செய்யறதைவிட ஜாஸ்தி செஞ்சாச்சு" என்று கத்திவிட்டு மாடிக்கு வந்து நானும் அழுதேன். எனக்கென்ன வந்தது அழுவதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எண்பத்திரண்டில், ஆசிய விளையாட்டுக்காக ஊர் முழுக்கத் தோண்டிப்போட்டு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம், செடி இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அந்த மழைக்காலம் நல்ல மழை. பூக்களில் இரண்டு மட்டும் உதிராமல் நின்று காயாயின. ஒன்று முந்திக்கொண்டது. மிளகு அளவாக இருந்தது களாக்காய் அளவாயிற்று. ஒரு பக்கம் லேசாகச் சிவந்தது. முத்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள். கலியமூர்த்தி ஜன்னலைப் பட்டென்று சாத்தினால்கூட, "மெல்ல, மெல்ல" என்று ஓடிவருவாள்.

"முதல் பழத்தை மலை மந்திர் முருகனுக்கு வைக்கணும், தெரியுமோல்லியோ?" என்று நான் சொன்னேன்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு மாமி. அவருக்கு தினமும் பாலும் பஞ்சாமிர்தமும் கெடைக்குது" என்றாள். முத்தம்மா வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு என்று அசந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கலியமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். முத்தம்மா பழத்தைப் பறித்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டரைக் கேட்காமல் எப்படி என்று இழுத்தாராம். ஒரே ஒரு பழம், குந்துமணி அளவு, நம்ம செடியில் வந்தது, வாயிலேயே வைத்து நன்றாகச் சுழற்றுங்கள் என்று கெஞ்சினாளாம். சரி என்று போட்டுக்கொண்டார், சொன்னபடி சுழற்றினார், கொட்டையைத் துப்பினார். அவள் எலுமிச்சம்பழம் நறுக்க உள்ளே ஓடினாள். நெல்லிக்காய், கெட்டி மோர், மாங்காய் என்று வீட்டிலுள்ள புளிப்பையெல்லாம் முந்தின நாளே சேர்த்துவைத்திருந்தாள்.

ஆனால் அந்தப் பாவி என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? தினமும் அவர் பேப்பரைப் பிரித்ததும் பக்கத்தில் காபியை வைக்கிற கை, அன்றைக்கும் வைத்துவிட்டது. அவளுக்கு வைத்த ஞாபகமே இல்லை. அவர் காபி குடிக்கிறதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். டபராவில் ஆற்றவே மாட்டார். அடுப்பிலிருந்து இறங்கிய கொதியோடு தம்ளரை அண்ணாந்து தொண்டையில் விடுவார். ஆறின காபி காபியே இல்லை என்பார். அவள் தட்டோடு திரும்பி வருவதற்குள் தம்ளர் காலி.

"இதைக் கடிங்க" என்று எலுமிச்சைத் துண்டை நீட்டினாள்.

கடித்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று. "என்ன புள்ள இது, காலங்காத்தால? பல்லு கூசுது" என்றார்.

மாடியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் காதில் முத்தம்மாவின் குரல் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஏன் குடிச்சீங்க? யாரு உங்களைக் குடிக்கச் சொன்னா?" என்று அலறிக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். அவர் ஒரு கையில் எலுமிச்சைத் துண்டு, ஒரு கையில் பேப்பர், என்ன குற்றம் செய்தோம் என்று புரியாமல் விழிக்கிறார். காலித் தம்ளரைப் பார்த்ததும்தான் எனக்குச் சுரீர் என்றது. சாணக்கியபுரி வீட்டில் அந்த அம்மாள் டீயைத் திருப்பி அனுப்பினது சமையற்காரன்மேல் கோபத்தினால் இல்லை. சூடு பட்டால் பழத்தின் வேலை போய்விடும் என்றுதான் அத்தனை விரலை ஆட்டியிருக்கிறாள்.

கலியமூர்த்தி மெல்ல, "ஒரு பழத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? விடு புள்ள" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஒரு பழமா? ஒரு பழம்னா சொல்றேள்?" என்று பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். எலுமிச்சையைத் தித்திக்கவைக்கிற பழம் அது என்றேன். அவர் நாக்கில் ஒரு இனிப்பு படவேண்டும் என்றுதான் குளியலறைக்கும் கூலருக்கும் நடுவே அவள் அல்லாடினாள் என்றேன். முத்தம்மா, வேண்டாம் மாமி, வேண்டாம் மாமி என்று என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். நான் நிற்பேனா?

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்கோ சார். நீங்க சர்க்கரையை விட்ட நாள்லேருந்து இவளும் நாக்குல வைக்கலை. பொண்ணு கல்யாணத்துலகூடப் பாயசம் சாப்பிடலை. நீங்க சாப்பிட்டு எழுந்து போயிடறேள். அவ என்ன சாப்பிடறா, என்ன குடிக்கறான்னு ஒருநாள் திரும்பிப் பாத்திருக்கேளா?"

சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதுதான். சொன்னேன். மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடியும் சொல்வேன். கலியமூர்த்தி கையிலிருந்த எலுமிச்சைத் துண்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனார். அடுப்பு மேடையில் முத்தம்மாவின் காபி மூடிவைத்திருந்தது. அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். தம்ளரைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் மாடிக்கு வந்துவிட்டேன். தோசை கரியாகியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து செடி அவர் கைக்குப் போயிற்று. ஆபீஸ் போகுமுன் அதைப் பார்ப்பார், வந்து சைக்கிளை நிறுத்தினதும் பார்ப்பார். மழை வந்தால் நனைந்துகொண்டே வாளியைக் கொண்டுபோய் வைப்பார். மாடி ஏறி வந்து, "மாமி, ஃபிரிட்ஜு தண்ணி இருக்குங்களா?" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது காய் பச்சையாகவே நின்றது. விழுந்துவிடுமோ என்று எனக்குத் திக்திக்கென்றிருந்தது. முத்தம்மா மட்டும் பழையபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தத் தடவை காபிப்பொடியையே ஒளிச்சு வச்சிருவேன்" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு விடுமுறை நாள். மத்தியானம் கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். காய் பழுத்துவிட்டது. முன்னறைத் தரையில் ஒரு தாம்பாளம் நிறைய எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், புளித்த மோர். எல்லாம் பானைத் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்தது. அடுப்பையே அன்று பற்றவைக்கவில்லையாம். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ஈர வேட்டி வழியாக வந்த வெளிச்சத்தில் அறையே குளத்துக்கு அடியில் இருக்கிற மாதிரி இருந்தது. கலியமூர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே முத்தம்மா. நான் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

அவர்தான் எழுந்துபோய்ப் பழத்தைப் பறித்துவந்தார். கழுவினார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போட்டுக்குங்க. நல்லா சுழட்டணும். முழுங்கிடாதீங்க, கொட்டையைத்..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, திறந்திருந்த அவள் வாயில் பழத்தைப் போட்டுவிட்டார்.

முத்தம்மா திடுக்கிட்டுத் துப்பப் பார்த்தாள். அவர் தன் கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்நிய மனுஷி முன்னால் அவர் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"சுழட்டு புள்ள" என்றார்.

அவள் தலையை ஆட்டி ஆட்டி மாட்டேன் என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பிறகு என்ன தோன்றிற்றோ, மெல்ல மெல்ல அடங்கினாள். கன்னம் அசைந்தது. கொட்டையை அவர் கையிலேயே துப்பினாள். அவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார். அவள் கடித்தாள். கண் பெரிதாயிற்று. சாணக்கியபுரியில் பார்த்த அதே முகம். எட்டு வருஷமாக ஒரு சிட்டிகை சர்க்கரை படாத நாக்கு அது. அவள் விசும்பிக்கொண்டே இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள். பொய்யில்லை, மயக்கமில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்களுக்குன்னு வச்சிருந்தேன். இனிமே காய் எப்ப வருமோ. ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்றாள், வாயில் எலுமிச்சைத் துண்டோடு.

கலியமூர்த்தி அடுத்த எலுமிச்சையை எடுத்தார்.

"இனிப்பு இல்லாம இருந்துட்டேன் புள்ள. அது பெருசில்ல" என்றார். "ஊரே பாயசம் குடிக்குது, நான் மட்டும் தனியா உக்காந்திருக்கேன்னு நெனச்சேன் பாரு, இத்தனை வருசமும், அதுதான் கசந்துச்சு. நீ பக்கத்துலயே இருந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவர் நறுக்கி நறுக்கிக் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள். நான் ஓசைப்படாமல் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு மாடி ஏறினேன்.